பழைய கோதிக் நாவல்களை இன்றைக்கு எடுத்துப் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கமாகச் சொல்லுங்கள், இந்த நாவல்கள் இன்றைக்கும் எடுபடுமா?

எடுபடும். கோட்டை, மடம், சுரங்க வழி என்று போகும் பழைய ஆங்கிலத் திகில் கதைகள்தான் கோதிக் நாவல்கள். ஆனால் அவற்றைப் பேய்க்காகப் படிக்க ஆரம்பித்தால் பாதியிலேயே மூடி வைத்துவிடுவீர்கள். எலும்புக்கூடு, மூக்கில் ரத்தம் வடிக்கும் சிலை, படத்திலிருந்து இறங்கி நடக்கும் தாத்தா, இவற்றுக்கெல்லாம் இன்று யாரும் பயப்படப் போவதில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்கே எல்லா அதிகாரமும் இருந்து, இன்னொருவர் அங்கிருந்து வெளியேற வழியே இல்லாமல் போனால் உள்ளே என்னவெல்லாம் நடக்கும்? அதை உட்கார்ந்து, அவசரமில்லாமல், பக்கம் பக்கமாக எழுதிக் காட்டியவர்கள் இவர்கள். அந்தப் பயம் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் இந்த நாவல்களைத் திரும்பத் திரும்ப எடுப்பதும், தெரிந்தவர்களிடம் எல்லாம் படிக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

'பழைய' என்று எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

1764 டிசம்பரில் லண்டனில் வெளிவந்த ஹொரேஸ் வால்போலின் 'தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ' தொடக்கம். 1820-இல் வந்த சார்லஸ் மட்யூரினின் 'மெல்மத் தி வாண்டரர்', 1824-இல் வந்த ஜேம்ஸ் ஹாக்கின் நாவல், இவற்றோடு முதல் அலை ஓய்கிறது. நடுவில் 1790-கள்தான் உச்சம்: ஆன் ராட்கிளிஃப், மேத்யூ லூயிஸ், அவர்களைப் பார்த்து எழுதிய நூற்றுக்கணக்கானவர்கள். 'டிராகுலா' 1897, எட்கர் ஆலன் போவின் கதைகள் 1830, 40-கள். அவை அடுத்த தலைமுறை, இங்கே பேசப் போவதில்லை.

முதல் நாவலிலிருந்தே தொடங்கலாமா?

ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்பதால் தாராளமாகத் தொடங்கலாம், ஐந்தே அத்தியாயம்தான். ஆனால் அதை வைத்து மற்றவற்றை எடை போட வேண்டாம்.

கதை இப்படித் தொடங்குகிறது. ஒட்ரான்டோவின் பிரபு மான்ஃபிரட்டின் ஒரே மகனுக்குக் கல்யாண நாள். மாப்பிள்ளையைக் காணோம். முற்றத்தில் போய்ப் பார்த்தால் மனிதத் தலைக்கான எந்தக் கவசத்தையும்விட நூறு மடங்கு பெரிய, கறுப்பு இறகு வைத்த ஒரு தலைக்கவசம் வானத்திலிருந்து விழுந்து பையனை நசுக்கிக் கிடக்கிறது. இது முதல் சில பக்கத்திலேயே. இதைப் படித்துச் சிரித்துவிட்டு மூடிவைப்பவர்கள் நிறைய. கொஞ்சம் பொறுத்து அடுத்த பத்தியைப் பாருங்கள். மகனின் சிதைந்த உடலைப் பார்த்த தகப்பன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, இசபெல்லாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது. இசபெல்லா மகனுக்கு நிச்சயித்த பெண். அன்றைக்கு இரவே அவளைக் கூப்பிட்டு, என் மனைவியைத் தள்ளிவைத்துவிட்டு நானே உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான், வாரிசு வேண்டுமே. அவள் கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்கப் பாதையில் ஓடுகிறாள், கையிலிருந்த விளக்கு காற்றில் அணைகிறது. பின்னால் வந்த எத்தனையோ நாவல்களிலும் படங்களிலும் பார்த்த காட்சி முதலில் நிகழ்வது இங்கேதான். பெரிய தலைக்கவசத்தை விட்டுவிடுங்கள், அந்த மனிதனின் அவசரம் இன்னும் குமட்டுகிறது.

இந்த நாவலுக்கு இன்னொரு சுவாரசியம் உண்டு. இத்தாலியில் 1529-இல் அச்சான பழைய புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று பொய்ப் பெயரில்தான் வால்போல் முதலில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பில், எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். பழைய கதை என்று நம்பியபோது பாராட்டிய 'மன்த்லி ரிவ்யூ' பத்திரிகை, இந்தக் காலத்து ஆள் எழுதியது என்று தெரிந்ததும் திட்டியது. அதே புத்தகம், அதே வரிகள். 'கண்டெடுத்த கையெழுத்துப் பிரதி' என்ற உத்தி அன்றிலிருந்து திகில் கதையின் கூடவே வருகிறது. கண்டெடுத்த கேமரா, கண்டெடுத்த டேப் என்று எடுக்கிறார்களே, அந்தப் படங்கள் வரை.

'உடால்ஃபோ' ரொம்ப நீளமாமே, அதைப் படித்தே ஆக வேண்டுமா?

ஆன் ராட்கிளிஃபின் 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ', 1794, நான்கு பாகம், இன்றைய பதிப்புகளில் அறுநூறு பக்கத்துக்கு மேல். இதற்காகப் பதிப்பாளர் கொடுத்த தொகை 500 பவுண்டு. அன்றைக்கு ஒரு நாவலுக்கு அது வியக்கவைக்கும் பணம். படித்தே ஆக வேண்டும் என்று யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் இந்த வகையில் ஒன்றே ஒன்றை ஆழமாகப் படிக்க நேரம் இருந்தால் நான் கையில் கொடுப்பது இதைத்தான்.

தாயும் தகப்பனும் போன எமிலி என்ற பெண், கார்டியனான அத்தையோடு இருக்கிறாள். அத்தை மொன்டோனி என்ற இத்தாலியக்காரனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் இருவரையும் அப்பனைன் மலைக்குள் இருக்கும் தன் கோட்டைக்குக் கூட்டிப்போகிறான். புத்தகத்தின் பெயரில் இருக்கும் அந்தக் கோட்டை நம் கண்ணில் படுவது இரண்டாம் பாகத்தில்தான். அதுவரை மலை, காடு, நதி, அஸ்தமனம், கவிதை, மறுபடியும் மலை. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த வருகைக் காட்சியைப் படியுங்கள். நாள் முழுக்க ஏறியிருக்கிறார்கள், யாரும் பேசவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. பல மணி நேரத்துக்குப் பிறகு மொன்டோனி முதல் முறையாக வாயைத் திறந்து, அதோ உடால்ஃபோ என்கிறான். எமிலி பார்க்கப் பார்க்க, சுவரின் கீழ்ப்பகுதியிலிருந்து வெளிச்சம் மெல்ல வடிந்து ஊதா நிறமாகிறது, மேலே கொத்தளத்தின் விளிம்பில் மட்டும் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சமிருக்கிறது, பிறகு அதுவும் போய்விடுகிறது. ஒரு கட்டிடம் இருட்டுவதை இவ்வளவு நிதானமாக எழுதியவர்கள் அதற்கு முன்னால் இருந்தார்களா என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் யோசிப்பேன்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவளுக்குக் கொடுக்கும் அறை. அதில் இரண்டாவதாக ஒரு கதவு இருக்கிறது, இருட்டான படிக்கட்டுக்குப் போகிறது. அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. வெளிப்பக்கம் இரண்டு தாழ்ப்பாள். எமிலி ஒரு கனமான நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கிறாள். பிறகு பார்த்தால், இரவில் யாரோ அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டியிருக்கிறார்கள். பேய் இல்லை, ரத்தம் இல்லை, யாரும் கத்தவில்லை. உங்கள் கதவின் தாழ்ப்பாள் அடுத்தவர் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். பின்னர் ஓர் இரவு அதே கதவு வழியாக அவளை விரும்புவதாகச் சொல்லும் ஒரு பிரபு உள்ளே வருகிறான். இந்த இடத்தில் தொண்டை அடைக்காமல் படித்த பெண் வாசகர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் சொத்து. மொன்டோனிக்கு வேண்டியது பெண்ணும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. அத்தையின் பெயரில் இருக்கும் நிலத்துக்குக் கையெழுத்து வேண்டும். அவள் மறுக்கிறாள், கோபுரத்து அறையில் அடைக்கிறான், அங்கே வந்த காய்ச்சலில் சாகிறாள். நிலம் எமிலிக்கு வருகிறது, உடனே அதே காகிதம் எமிலி முன்னால் வந்து நிற்கிறது. அவளோ, யாராவது ஏதாவது சொன்னால் நம்பிவிடும் அளவுக்குச் சட்டம் தெரியாதவள் இல்லை நான் என்று நிமிர்ந்து பதில் சொல்கிறாள். கடைசியில் விடுதலை தருகிறேன் என்ற வாக்கை நம்பிக் கையெழுத்துப் போடுகிறாள், அவன் விடுவதில்லை. கதை நடப்பது 1584-இல் என்று போட்டிருக்கிறது, ஆனால் இதில் இருப்பது ராட்கிளிஃப் வாழ்ந்த இங்கிலாந்து. அங்கே திருமணமான பெண்ணுக்குத் தன் சொத்தைத் தன்னுடையதாகவே வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882-இல்தான் சட்டமானது. இந்த நாவலை அன்றைய பெண்கள் ஏன் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கடைசியில் பேயே இல்லை என்று சொல்லி ஏமாற்றிவிடுவாராமே?

ஆமாம், ராட்கிளிஃப் வாழ்நாளில் வெளியிட்ட நாவல்களில் எல்லா மர்மத்துக்கும் மனிதர்களோ தற்செயலோதான் காரணம். உடால்ஃபோ கோட்டையில் தொங்கும் கறுப்புத் திரைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நூற்றுக்கணக்கான பக்கம் காக்க வைத்துவிட்டுக் கடைசியில் ஒரு பத்தியில் சொல்லி முடிக்கும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் அப்போதே இதைக் குறையாக எழுதியிருக்கிறார். திரைக்குப் பின்னால் என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏமாற்றம் என்று நான் நினைக்கவில்லை. ராட்கிளிஃப் இறந்த பிறகு, 1826-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்றில் அச்சத்தையும் அருவருப்பான திகிலையும் பிரித்துப் பேசுகிறார். முதலாவது மனதை விரித்து எல்லாப் புலன்களையும் எழுப்பிவிடும், இரண்டாவது சுருக்கி உறையவைத்துவிடும் என்பது அவர் வாதம். அவர் எழுதியதெல்லாம் முதல் வகை. விடை வந்த பிறகு பயம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும், அதனால்தான் விடையை அவ்வளவு தள்ளிப் போடுகிறார். அது மட்டுமில்லை. பேய்கள் எல்லாம் பொய்யாகிப் போன பிறகும் மொன்டோனி மிச்சமிருக்கிறான், கையெழுத்துக் கேட்ட காகிதம் மிச்சமிருக்கிறது. அது எதற்கும் விளக்கம் சொல்லி அழிக்க முடியவில்லை.

நடுவில் பக்கங்களைத் தாண்டிப் படித்தால் தப்பா?

தப்பே இல்லை. கவிதைகளைத் தாண்டுங்கள். உடால்ஃபோவில் பணிப்பெண் அன்னெட் ஒரு விஷயத்தைச் சொல்ல ஐந்து பக்கம் சுற்றுவாள், அதை மட்டும் தாண்டாதீர்கள், ராட்கிளிஃப் வேண்டுமென்றே சுற்ற வைத்திருக்கிறார், எமிலியோடு சேர்ந்து நாமும் பொறுமை இழக்க வேண்டும் என்பதற்காக. அன்றைய வாசகர்களில் பெரும்பாலோர் இந்தப் புத்தகங்களை விலைக்கு வாங்கவில்லை. சந்தா கட்டும் நூலகத்திலிருந்து ஒவ்வொரு பாகமாக எடுத்துவந்து, மாலையில் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அப்படிப் படிக்க எழுதியதை ஒரே மூச்சில் முடிக்க முயன்றால் மூச்சு முட்டும். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், இரவில், அது போதும்.

கதாநாயகிகள் எதற்கெடுத்தாலும் மயங்கி விழுகிறார்களே, எப்படிச் சகித்துக்கொள்கிறீர்கள்?

எமிலி மயங்குகிறாள், அழுகிறாள், அடிக்கடி. சரி. ஆனால் மயக்கம் தெளிந்ததும் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். விளக்கை எடுத்துக்கொண்டு அத்தையைத் தேடிக் கோபுரத்துக்குத் தனியாகப் போகிறாள். வாடகைக்குச் சண்டை போடும் வீரர்கள் குடித்துவிட்டுக் கிடக்கும் கோட்டை அது. ராட்கிளிஃபின் பெண்கள் எல்லோருமே பயந்துகொண்டே கதவைத் திறப்பவர்கள். தைரியம் என்பதற்கு எனக்கு இந்தச் சித்திரம் பிடித்திருக்கிறது. அவளைக் காதலிக்கும் வலன்கூர்தான் பெரும்பகுதி கதையில் எங்கேயோ இருக்கிறான், ஒன்றுக்கும் உதவுவதில்லை. இந்த நாவலின் பெரிய பலவீனம் அவன்தான்.

நீளம் குறைவான ராட்கிளிஃப் வேண்டும்.

'தி இட்டாலியன்', 1797. உடால்ஃபோவில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும், கட்டுக்கோப்பாகவும் இருக்கும். இதில் கடற்கரையோரம் ஒரு தனி வீட்டில் கதாநாயகி எல்லெனா தூங்கிக்கொண்டிருக்கிறாள், அவளைக் கொல்ல ஏற்பாடு. கொலைக்கு அமர்த்தப்பட்டவன் ஏற்கெனவே ஆளைக் கொன்றவன், ஆனால் மாடிப்படி ஏற முடியாமல் நிற்கிறான், கண்ணுக்கு முன்னால் ரத்தம் தோய்ந்த கை ஒன்று தெரிகிறது. கடைசியில், கத்தியை என்னிடம் கொடு என்று வாங்கிக்கொண்டு துறவி ஷெடோனியே மேலே போகிறான். அதற்குப் பிறகு அந்த அறையில் நடப்பதைச் சொல்லிவிட்டால் அநியாயம். திகில் எழுதப் பழகுபவர்கள் எல்லோரும் இந்த இரண்டு மூன்று அத்தியாயத்தை வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

'தி மங்க்' உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

மோசம் என்றால் எழுத்து மோசமில்லை, வேகமாக ஓடும், இந்த வரிசையில் கையை விட்டு வைக்க முடியாத நாவல் இதுதான். லூயிஸ் பத்தொன்பது வயதில் எழுதி, 1796-இல் வெளியிட்டார். அதே ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். இரண்டாம் பதிப்பில் பெயருக்குப் பின்னால் எம்.பி. என்று போட்டதும் பெரிய ரகளை. கவிஞர் கோல்ரிட்ஜ் விமர்சனத்தில் கண்டித்தார். கடைசியில் 1798-இல் லூயிஸ் தானே கத்திரி போட்டு ஒரு பதிப்பு கொண்டுவந்தார்.

ஊரே புனிதர் என்று கும்பிடும் துறவி அம்ப்ரோசியோ, ஒரு படி இறங்கி, அடுத்த படி இறங்கி, கொலை வரைக்கும் போகிறான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதில் பாலியல் வன்முறை இருக்கிறது, மருந்து கொடுத்து மயக்குவது இருக்கிறது, கல்லறைக்குள் அடைக்கப்பட்ட ஒரு பெண் இறந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் பகுதி இருக்கிறது. அதைப் படித்து வருத்தப்படுபவர்கள் தயங்காமல் தவிர்க்கலாம். வன்முறையைக் காட்டும்போது லூயிஸ் அதில் கொஞ்சம் ருசி காண்கிறார் என்பது என் எண்ணம், அந்தப் பக்கங்களை நான் மன்னிப்பதில்லை. ஆனால் நல்ல பெயரில் மயங்கிய ஒரு மனிதன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும் விதம் இருக்கிறதே, அதில் ஒரு வரிகூடப் பழசாகவில்லை.

உண்மையான பேய் வேண்டும் என்பவர்களுக்கும் இதில் ஒரு பகுதி உண்டு. ரேமண்ட் தன் காதலியைக் கோட்டையிலிருந்து கூட்டிக்கொண்டு ஓடத் திட்டம் போடுகிறான். அங்கே உலவுவதாகச் சொல்லப்படும் ரத்தம் தோய்ந்த கன்னியாஸ்திரியின் பேய் போல அவள் வேஷம் போட்டு வந்தால் காவலர்கள் தடுக்க மாட்டார்கள். முக்காடு போட்ட உருவம் வருகிறது, வண்டியில் ஏற்றிக்கொண்டு, நீ என்னுடையவள், நான் உன்னுடையவன் என்று சத்தியமும் செய்கிறான். வந்தது காதலி இல்லை. அதற்குப் பிறகு தினமும் இரவு ஒரு மணிக்கு அது அவன் கட்டிலருகே வந்து அதே சத்தியத்தைத் திருப்பிச் சொல்கிறது. இதை மட்டும் தனிச் சிறுகதையாகப் படித்தாலும் போதும்.

வில்லன்கள் எல்லோரும் இத்தாலிக்காரர்கள், ஸ்பெயின்காரர்கள், கத்தோலிக்கத் துறவிகள். இது வெறுப்பு இல்லையா?

வெறுப்புதான், பூசி மெழுக ஒன்றும் இல்லை. எழுதியவர்கள் இங்கிலாந்து, அயர்லாந்துப் புராட்டஸ்டன்டுகள். மட்யூரின் ஒரு பாதிரியார். மடம் என்றாலே சிறை, துறவி என்றாலே கபடம் என்பது அவர்களுக்குச் சுலபமாக வந்தது. இத்தாலியை இவ்வளவு வர்ணித்த ராட்கிளிஃப் உடால்ஃபோ எழுதியபோது இத்தாலியைப் பார்த்ததே இல்லை, ஓவியங்களையும் பயண நூல்களையும் வைத்தே எழுதினார். அதே சமயம் சொந்த நாட்டுக் கணவன்மார், கார்டியன்கள், நீதிமன்றங்களைப் பற்றி நேராகச் சொல்ல முடியாததை அப்பனைன் மலையில் கொண்டுபோய் வைத்துச் சொன்னார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. 'வாதெக்' எழுதிய வில்லியம் பெக்ஃபோர்டின் செல்வமும், லூயிஸின் குடும்பச் சொத்தும் ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தவை. லூயிஸ் பிற்பாடு அங்கே நேரில் போய்வந்தார், இரண்டாவது பயணத்திலிருந்து திரும்பும்போது 1818-இல் கப்பலிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். மனிதர்களைப் பூட்டி வைக்கும் கோட்டைகளைக் கற்பனை செய்தவர்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு என்னால் இந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேச முடிவதில்லை.

'வாதெக்' படிக்கலாமா?

1786, மூலம் பிரெஞ்சில் எழுதியது, சின்னப் புத்தகம். அரேபியக் கதைகளை அப்படியே அள்ளிக் கொட்டிய கலீபாவின் கதை. நடுப்பகுதி வரை எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. ஆனால் கடைசியில் வரும் எப்லிஸ் என்ற சாத்தானின் மண்டபம், அங்கே கூட்டம் கூட்டமாக ஆட்கள் வலது கையை நெஞ்சிலிருந்து எடுக்காமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்துகொண்டே இருக்கிறார்கள், உள்ளே இதயம் எரிகிறது. அந்தச் சில பக்கத்துக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

'ஃபிராங்கன்ஸ்டைன்' இதில் சேர்த்தியா? படம் பார்த்தாயிற்றே, புத்தகம் தேவையா?

சேர்த்தி. தேவை. 1816-இல், தம்போரா எரிமலை வெடித்த அடுத்த ஆண்டு, வெயிலே இல்லாத கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில் மேரி ஷெல்லி இதை ஆரம்பித்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. 1818 ஜனவரி முதல் தேதி பெயர் போடாமல் 500 பிரதி வெளிவந்தது. படங்களில் உயிர் கொடுக்கும்போது வரும் மின்னலும் பெரிய இயந்திரமும் புத்தகத்தில் கிடையாது, உயிர் கொடுக்கும் விதத்தை மேரி விவரிப்பதே இல்லை. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் உண்டாக்கிய அந்த உயிரினம் முனகிக்கொண்டு தள்ளாடுவதும் கிடையாது. பேசுகிறது, அதுவும் எல்லோரையும்விட அழகாக. ஒரு குடும்பத்தின் வீட்டுச் சுவரில் இருக்கும் சின்ன இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே மொழி கற்றுக்கொள்கிறது, அவர்களுக்குத் தெரியாமல் இரவில் விறகு கொண்டுவந்து போடுகிறது, கவிஞர் மில்டனைப் படிக்கிறது. என்னை உண்டாக்கிவிட்டு ஏன் ஓடிப்போனாய் என்று அது கேட்கும்போது விக்டரிடம் பதில் இல்லை. இந்தப் பட்டியலில் கைத்தாங்கல் எதுவுமே தேவைப்படாமல் இன்றைய வாசகருக்கு நேராகப் போய்ச் சேரும் நாவல் இது ஒன்றுதான்.

அதிகம் பேர் படிக்காத, ஆனால் படிக்க வேண்டிய ஒன்று?

ஜேம்ஸ் ஹாக்கின் 'தி பிரைவேட் மெமாய்ர்ஸ் அண்ட் கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ ஜஸ்டிஃபைடு சின்னர்'. ஹாக் ஸ்காட்லாந்துக்காரர், ஆடு மேய்த்தவர். கதையில் ஓர் இளைஞன் தன்னைக் கடவுள் முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார், இனி என்ன செய்தாலும் தனக்குப் பாவம் ஒட்டாது என்று நம்புகிறான். அன்றைக்கே ஒரு புதிய நண்பன் கிடைக்கிறான், நினைத்தபோது யார் முகத்தையும் வாங்கிக்கொள்ளக் கூடியவன், ஒவ்வொரு கொலைக்கும் வேதத்திலிருந்து நியாயம் எடுத்துக் கொடுப்பவன். ஒரே கதையை முதலில் பதிப்பாசிரியர் ஒருவர் சொல்கிறார், பிறகு அவனே சொல்கிறான், இரண்டும் பொருந்துவதில்லை. அந்த நண்பன் சாத்தானா, அவன் மூளைக் கோளாறா என்பதை ஹாக் கடைசி வரை தீர்த்து வைப்பதில்லை. நூறு வருடத்துக்கு மேல் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் கிடந்த புத்தகம், 1947-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் முன்னுரை எழுதிய பிறகுதான் மறுபடி பேசப்பட்டது. நாம் நல்லவர்கள் பக்கம், அதனால் நாம் செய்வது சரி என்று நம்புபவர்கள் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள், அதனால் இது பழசாக வாய்ப்பே இல்லை.

'மெல்மத்' எப்படி?

பெரிய புத்தகம், கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை என்று போகும், யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதே மறந்துபோகும். ஆனால் கரு அருமை. ஆயுள் நீடிப்பதற்காக ஆன்மாவை விற்றவன், தன் விதியை வாங்கிக்கொள்ள ஆள் தேடி அலைகிறான். பைத்தியக்கார விடுதி, கத்தோலிக்க மத விசாரணை மன்றச் சிறை, பட்டினியில் கிடக்கும் குடும்பம் என்று மனிதர்கள் கடைசி எல்லைக்கு வந்த இடத்துக்கெல்லாம் போய்க் கேட்கிறான், ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. இதன் ஒரு பகுதி ஹூக்ளி ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவில் நடக்கிறது. மட்யூரினின் இந்தியா முழுக்க இரவல் கற்பனை, அதை எதிர்பார்த்தே போங்கள். மடத்திலிருந்து நிலவறை வழியாக மொன்சாடா என்ற ஸ்பெயின் இளைஞன் தப்பிக்கும் பகுதிதான் நாவலின் உயிர்.

ஜேன் ஆஸ்டினே இவற்றைக் கிண்டல் செய்துவிட்டாரே?

ஆஸ்டினின் 'நார்தேங்கர் அபே' நாவலில் கதாநாயகி கேத்தரின் நடுராத்திரி அலமாரியில் ஒரு காகிதச் சுருளைக் கண்டெடுத்துப் பயந்து நடுங்குகிறாள், காலையில் பார்த்தால் சலவைக் கணக்கு. ஆனால் கிண்டல் என்று சொல்பவர்கள் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மேலே படித்தால், அவள் சந்தேகப்பட்ட அந்த வீட்டுக்காரன் ஜெனரல் டில்னி மனைவியைக் கொன்றவன் இல்லை என்றாலும், இவளிடம் பணம் இல்லை என்று தெரிந்ததும் எழுபது மைல் தூரம் தன்னந்தனியாக வண்டியேற்றி வீட்டை விட்டு அனுப்புகிறான். வீட்டுத் தலைவனைப் பற்றிய அவளுடைய பயம் அடிப்படையில் சரிதான் என்கிறார் ஆஸ்டின். உடால்ஃபோவைக் கீழே வைக்க மனமில்லாமல் இரண்டு நாளில் படித்து முடித்தேன் என்று பெருமையாகச் சொல்பவனும் 'நார்தேங்கர் அபே'யின் கதாநாயகன்தான். அதில் வரும் ஏழு 'பயங்கர' நாவல்களின் பட்டியலை ஆஸ்டினின் கற்பனை என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 1920-களில் தேடிப் பார்த்தபோது ஏழும் உண்மையில் அச்சான புத்தகங்கள்.

தமிழுக்கும் இந்த வகைக்கும் ஏதாவது தொடர்பு?

நேரடியாக இல்லை, ஒரு தலைமுறை தள்ளி உண்டு. இந்த மரபை 1840-களில் மலிவு விலைத் தொடர்கதையாக மாற்றியவர்களில் ஒருவர் ஜி.டபிள்யூ.எம். ரெனால்ட்ஸ். அவரை ஆரணி குப்புசாமி முதலியார் தமிழுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தமிழில் ஓஹோ என்று விற்ற மர்ம நாவல்களில் சுரங்க வழியும் ரகசிய அறையும் எப்படி வந்தன என்று தேடுகிறவர்கள் இந்த வழியில் போய்ப் பார்க்கலாம்.

ஆங்கிலம் கடினமாக இருக்குமா?

வார்த்தை கடினமில்லை, வாக்கியம் நீளம். அரைப்புள்ளிகளில் மூச்சு வாங்கிக்கொண்டு போனால் பழகிவிடும். வால்போலின் பழைய பாடத்தை அப்படியே அச்சிடும் பதிப்புகளில் உரையாடலுக்கு மேற்கோள் குறி இருக்காது, யார் பேசுகிறார்கள் என்று கவனமாகப் பார்க்க வேண்டும். லூயிஸும் மேரி ஷெல்லியும் சுலபம், மட்யூரின் சிரமம். எல்லாமே காப்புரிமை முடிந்தவை, ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ராட்கிளிஃபைக் காதால் கேட்பது இன்னும் நல்லது, லிப்ரிவாக்ஸில் ஒலிப்புத்தகம் இருக்கிறது.

சரி, எந்த வரிசையில் படிப்பது?

முதலில் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. பிடித்திருந்தால் ஹாக். பிறகு 'தி இட்டாலியன்', அதன் வேகம் பழகிய பிறகு 'உடால்ஃபோ'. 'ஒட்ரான்டோ'வை நடுவில் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 'தி மங்க்' மேலே சொன்ன எச்சரிக்கையோடு. ஆஸ்டினைக் கண்டிப்பாக உடால்ஃபோவுக்குப் பிறகுதான், முன்னால் படித்தால் ராட்கிளிஃபை ஆஸ்டின் கண்ணால்தான் பார்ப்பீர்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' வாங்கும்போது 1818 பாடமா, 1831-இல் மேரி திருத்தியதா என்று பார்த்து வாங்குங்கள். 1831-இல் விக்டர் விதியின் கைப்பொம்மை போல ஆகிவிடுகிறான், 1818-இல் அவன் செய்ததற்கு அவனே பொறுப்பு. எனக்கு 1818-தான்.